கட்டியின் முன்கதை: முதிய நாய்களின் நிணநீர்ப் புற்றும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

முதிய நாயொன்றின் தாடைக்குக் கீழும், தோளின் முன்புறத்திலும், பின்னங்கால் முழங்காலின் மடிப்பிலும் ஒரே காலத்தில், இரு பக்கமும் ஒத்தாற்போல் வலியற்ற கட்டிகள் புடைத்து வருமாயின், அது நிணநீர்ப் புற்றாக இருக்கலாமோ என்ற ஐயம் மிருக வைத்தியர் எவருக்கும் எழும். இழையங்களுக்கிடையே கசிந்து நிற்கும் திரவத்தைத் திரட்டிக் குருதிக்கு மீளச் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். அவற்றின் வழியில் ஆங்காங்கே அமைந்து, வரும் திரவத்தை வடித்துக் கிருமிகளை இனங்காண்பவை நிணநீர்க் கணுக்கள். அக்கணுக்களில் தங்கி நோயெதிர்ப்புப் பணியாற்றுபவை நிணநீர்க்கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்கள். இக்கலங்களுள் ஒன்று, உடல் விதித்த கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்கும்போது தோன்றுவதே நிணநீர்ப் புற்று, அதாவது லிம்போமா. நாய்களில் இந்நோயின் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், பல கணுக்களை ஒரே சமயத்தில் பற்றும் வகையைச் சேர்ந்தது. குடல், தோல், நெஞ்சறை ஆகியவற்றில் தொடங்குபவை சிறுபான்மை. எதிர்ப்புடலங்களைச் சுரக்கும் பரம்பரையைச் சேர்ந்த ‘பி’ கலங்களிலிருந்து எழுவதே மிகுதி. ‘டி’ கலங்களிலிருந்து எழுவது எண்ணிக்கையில் குறைவெனினும் பெரும்பாலும் கொடியது. சில வேளைகளில் அது குருதியில் கல்சியத்தை மிகுவித்து, நாயை ஓயாது நீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் வைக்கும்.

இந்நோய்க்கான ஆபத்துக் காரணிகளுள் வாதத்துக்கு இடமில்லாதது வயது. ஒரு வயதுக்குட்பட்ட நாய்களில் ஆண்டொன்றுக்கு 1,00,000க்கு ஏறத்தாழ 1.5 என்ற அளவில் இருக்கும் நோய்வீதம், 10 முதல் 11 வயதான நாய்களில் 84 ஆக உயர்வதாகப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் காட்டிவரும் கணக்கு கூறுகிறது. கலம் பிரியும் ஒவ்வொரு முறையும் அதன் மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பில் நேரும் பிழைகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் திரள்கின்றன. நிணநீர்க்கலங்களுக்கு இதற்கு மேலும் ஒரு தனி ஆபத்து உண்டு. இதுவரை கண்டிராத கிருமிக்கும் பொருந்தும் எதிர்ப்புடலத்தை ஆக்குவதற்காக அவை தம் மரபணுக்களின் சில பகுதிகளைத் தாமே வெட்டி, வேறு வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. வேண்டுமென்றே செய்யப்படும் இவ்வெட்டு தவறான இடத்தில் விழுந்தால், அடங்கியிருக்கவேண்டிய மரபணு ஒன்று விழித்துக்கொள்ளும். கோல்டன் ரிட்ரீவர், கொக்கர் ஸ்பானியல், பொக்ஸர் இனங்களின் கட்டிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, ‘பி’ கலப் புற்றுகளில் டிராஃப்3, பொட்1 முதலிய மரபணுக்கள் மீண்டும் மீண்டும் பழுதுபட்டிருப்பதைக் கண்டது.

வயதே முதற்காரணி என்பதை மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்துப் பார்க்கும்போது, நாய் அவ்வயதை எட்டுகிறதா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கடற்பக்கத்து நிலம் எழுவான்கரை, வயல்கள் விரிந்த மேற்குப் பக்கத்து நிலம் படுவான்கரை. புளியந்தீவிலும் கல்லடியிலும் மதிலுக்குள் வளரும் வீட்டு நாய், தோணிகள் வந்தடையும் துறையில் மீன் கழிவை உண்டு திரியும் நாய், படுவான்கரையின் வயல்வெளிகளான வட்டைகளில் வயற்குடிலான வாடிக்குக் காவலாகப் படுத்திருந்து பன்றி வரும் இரவில் குரைத்து எழுப்பும் நாய் என மூவகை வாழ்வு இங்குள்ள நாய்களுக்கு உண்டு. இவற்றுள் தெருவிலும் துறையிலும் திரிபவற்றை வாகனமும் டிஸ்டெம்பரும் பார்வோ வைரசும் விசர்நோயும் இளமையிலேயே கொண்டுபோய்விடுகின்றன. 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டத்தின் வழியில் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே இலங்கையில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2006இல் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பெற்றன. ஆண்டுதோறும் ஊசி பெற்று, வீட்டுச் சோறு உண்டு, படலைக்குள் வாழும் நாய் பத்து வயதைத் தாண்டும்போதுதான் முதுமையின் நோய்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. ஆகவே, முன்பு இல்லாத புற்று இப்போது பெருகிவிட்டது என்று ஊரில் எழும் பேச்சில், நாய்கள் நெடிது வாழ்வதன் பங்கு எவ்வளவு என்பதைக் கழித்துப் பார்த்த பின்னரே நஞ்சைத் தேடிப் போவது முறை.

கழிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. வெப்பவலயத்தில் நாயின் நிணநீர்க் கணு பருப்பதற்குப் புற்றைத் தவிர வேறு காரணங்கள் மிகப் பல. சுவர் வெடிப்புகளிலும் நாய் படுக்கும் மூலைகளிலும் குடியிருக்கும் கபில நிற நாய் உண்ணி, ஏர்லிக்கியா கானிஸ் என்னும் பற்றீரியாவைக் குருதியில் செலுத்துகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாக வழங்கும் இந்நோயிலும் கணுக்கள் வீங்கும், நாய் மெலியும், குருதிச் சிறுதட்டுகள் குறையும். அதே உண்ணியை நாய் விழுங்குவதால் தொற்றும் ஹெப்பட்டோசூனும், உண்ணிக்கடியோடு தொடர்புபட்ட பபேசியாவும் இத்தோற்றத்துக்கு நெருங்கி வரக்கூடியவை. இவற்றோடு, இலங்கைக்கே உரிய பெயர் தாங்கிய ஒட்டுண்ணி ஒன்றும் உண்டு: 1962இல் இந்நாட்டு நாய்களிலிருந்து விவரிக்கப்பட்ட புரூகியா சிலோனென்சிஸ் என்னும் நூற்புழு, நுளம்பினால் பரவி நிணநீர்த் தொகுதியிலேயே வாழ்வது. மனிதரில் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்ட பின்னரும், பல பத்தாண்டுகள் மறைந்திருந்த புரூகியா வகைப் புழுக்கள் மீண்டும் தலைகாட்டியதால், நாயும் பூனையும் அப்புழுக்களின் இருப்பிடமாக இப்போது கவனிக்கப்படுகின்றன.

எனவே கட்டியைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. அதற்குள் இருப்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். இதற்கு மயக்க மருந்தோ பெரிய கருவியோ தேவையில்லை. தாடைக் கணு, பற்சொத்தையும் ஈறு அழற்சியும் உள்ள முதிய நாயில் எப்போதும் சற்றுப் பருத்தே இருக்குமாதலால், முழங்கால் மடிப்பிலுள்ள கணுவை விரலால் பிடித்து நிறுத்தி, சாதாரண ஊசியை அதற்குள் செலுத்தி முன்பின்னாக நான்கைந்து முறை அசைத்தாலே போதிய கலங்கள் ஊசித் துளைக்குள் ஏறிவிடும். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் ஊதி, அழுத்தாமல் பரப்பி, காற்றில் உலர்த்திச் சாயமேற்ற வேண்டும். கிருமியை எதிர்க்கும் கணுவில் சிறியவையும் பெரியவையும் பிளாஸ்மாக் கலங்களுமாகப் பல பருவத்துக் கலங்கள் கலந்து தெரியும். புற்றுக் கணுவிலோ பெரிய கருவும் துலங்கும் கருவுண்மணியும் கொண்ட ஒரே வகை இளங்கலங்கள் பார்வைப் புலத்தில் பாதிக்கு மேல் நிரம்பி நிற்கும். அவ்வாறு நிற்காத ஐயமான தகடுகள் உண்டு. அவற்றுக்குக் கணுவையே எடுத்து இழையப் பரிசோதனை செய்ய நேரும்.

தொற்று நோய்கள் கட்டியை ஒத்திருப்பதோடு நிற்கின்றனவா, புற்றுக்கு வித்திடவும் செய்கின்றனவா என்பது ஆழமான கேள்வி. ஆண்டுக்கணக்கில் கிருமியோடு போரிடும் கணுவில் கலப்பிரிவு ஓய்வதில்லை. பிரிவு மிகுந்தால் பிழையும் மிகும். மனிதரின் இரைப்பையில் ஹெலிக்கோபக்டர் பற்றீரியா நிணநீர்ப் புற்றொன்றுக்கு வழிகோலுவது நிறுவப்பட்டிருக்கிறது. பூனையில் லுக்கேமியா வைரசும், மாட்டில் அதன் உறவான வைரசும், கோழியில் மரெக் நோய் வைரசும் இதே வேலையைச் செய்கின்றன. நாயிலோ அத்தகைய கிருமி எதுவும் இதுவரை குற்றவாளியாக நிறுவப்படவில்லை. ஆகவே நிணநீர்ப் புற்றுள்ள நாயை அடுத்த வீட்டு நாயிடமிருந்து பிரித்து வைக்கவேண்டியதில்லை. புணர்ச்சியின்போது உயிருள்ள புற்றுக் கலங்களே உடல் மாறித் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டியொன்று இலங்கைத் தெருநாய்களில் பரவலாக இருப்பதால் இவ்வச்சம் எழுவது இயல்பு. ஆனால் அது முற்றிலும் வேறு நோய்.

பரம்பரையின் பங்கைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பொக்ஸர், ரொட்வைலர், புல்மாஸ்டிஃப், பாசெட் ஹவுண்ட், கோல்டன் ரிட்ரீவர் இனங்களில் இந்நோய் மிகுதி. பொக்ஸரில் ‘டி’ கல வகை மேலோங்க, ரொட்வைலரில் ‘பி’ கல வகை மேலோங்குகிறது. வாவிக்கரையின் நாட்டு நாய், மூடிய இனவிருத்திக்கு உட்படாத கலப்பு நாயாதலால், இக்குடும்பச் சுமை அதற்குக் குறைவு என்று எதிர்பார்ப்பதில் நியாயமுண்டு. கருத்தடை பற்றிய செய்தி சற்று நுட்பமானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 759 கோல்டன் ரிட்ரீவர் நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன் விதையகற்றப்பட்ட ஆண் நாய்களுள் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றுக்கு நிணநீர்ப் புற்று வந்திருந்தது. விதையகற்றாதவற்றோடு ஒப்பிட இது மும்மடங்கு. ஓரினத்தில் கண்ட இம்முடிவை விசர்நோய் உள்ள நாட்டின் தெருநாய்களுக்குப் பொருத்திக் கருத்தடைத் திட்டத்தைக் குறைகூறுவது பேதைமை. வீட்டில் கட்டிக் காக்கப்படும் உயர்சாதி நாய்க்கு எந்த வயதில் அறுவை செய்வது என்று தீர்மானிக்க மட்டுமே அது உதவும்.

சுற்றாடல் நஞ்சுகளைப் பற்றிய விவாதம் நாய்களில் தொடங்கியது அமெரிக்கப் புல்வெளிகளிலாகும். 2,4-டி என்னும் களைநாசினியை ஆண்டுக்கு நான்கு முறையோ மேலோ தெளித்த வீட்டு நாய்களில் நிணநீர்ப் புற்றின் வாய்ப்பு இரு மடங்காகத் தோன்றுவதாக, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 1991இல், 491 நோயுற்ற நாய்களை ஆதாரமாகக் கொண்டு எழுதினர். அதே தரவுகளை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் மீளக் கணித்து 1999இல் வெளியிட்டபோது, தெளிப்பு மிகுந்தால் நோயும் மிகும் என்ற படிமுறை அதில் தெரியவில்லை. 2012இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் வேறொரு நாய்க்கூட்டத்தை ஆராய்ந்து, தொழில்முறைத் தெளிப்பாளரைக் கொண்டு பீடைநாசினி இடப்பட்ட புல்வெளிகளில் வாழ்ந்த நாய்களுக்கு வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்றனர். இத்தகைய விழுக்காடுகளை வாசிப்போர் அடிப்படை வீதத்தையும் உடன்வைத்து வாசிக்கவேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் காப்புறுதி செய்யப்பட்ட நாய்களைக் கொண்டு செய்த கணிப்பு ஆண்டொன்றுக்கு 1,00,000 நாய்களுக்கு 100ஐச் சற்றே தாண்டிய எண்ணிக்கையைத் தருகிறது. அதன்படி ஆயிரம் நாய்களில் ஆண்டுக்கு ஒன்றாக இருப்பது, 70 விழுக்காடு மிகும்போது இரண்டை எட்டாது. சிறிதுதான், எனினும் தவிர்க்கக்கூடிய சிறிது.

படுவான்கரையில் புல்வெளி இல்லை, வேளாண்மை உண்டு. 2,4-டியின் நெருங்கிய இரசாயன உறவான எம்சிபிஏ, இலங்கையின் நெல்வயல்களில் அகன்ற இலைக் களைகளையும் கோரையையும் அழிக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. உன்னிச்சைக் குளத்து நீரும் நவகிரிக் குளத்து நீரும் பாயும் வட்டைகளில் வீசி விதைத்த சில வாரங்களில் வயல்நீரை வடித்துக் களைக்கு மருந்து அடித்து, பின்னர் நீரை மீளக் கட்டுவது வழக்கம். அந்நாட்களில் வரம்பிலும் வாய்க்காலிலும் ஓடித் திரிந்து, ஈரக் காலோடு வாடிக்குத் திரும்பிப் படுத்துத் தன் பாதங்களையும் வயிற்று மயிரையும் நக்கும் நாயின் உடலில் மருந்து புகும் வழி, அடிப்பவரின் உடலில் அது புகும் வழியினின்றும் வேறானது. தோல், வாய் என்னும் இரு வாயில்களும் அதற்குத் திறந்திருக்கின்றன. இதைவிட முக்கியமானது சிறுநீரகம். இவ்வகைக் கரிம அமிலங்களைக் குருதியிலிருந்து இழுத்துச் சிறுநீரில் தள்ளும் ஆற்றல் நாயின் சிறுநீரகத்துக்குக் குறைவு. மனித உடலில் அரை நாளளவில் பாதியாகக் குறையும் 2,4-டி, நாயின் குருதியில் அவ்வாறு குறைய நாட்கள் பிடிக்கின்றன. எம்சிபிஏயும் நாயில் இவ்வாறே தேங்குகிறது. மனிதருக்கென வகுத்த பாதுகாப்பு எல்லையை நாய்க்கும் போதுமென்று கொள்ள முடியாமைக்கு இதுவே காரணம். இம்மருந்துகள் நாயில் நிணநீர்ப் புற்றை உண்டாக்குகின்றன என்று அடித்துக் கூற மேற்கண்ட ஆய்வுகள் இடந்தரவில்லை. ஆனால் மருந்து அடிக்கும் நாளிலும் அடுத்த நாளிலும் நாயை வாடியில் கட்டிவைப்பதற்கும், தெளிகருவியைக் கழுவிய வாய்க்காலில் அது நீர் குடியாமல் பார்ப்பதற்கும், வெறுமையான மருந்துக் கானை வெட்டி அதற்கு நீர்ச்சட்டியாக வைக்கும் சிக்கனத்தைக் கைவிடுவதற்கும் அவை போதும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் 2,4-டியைப் புற்று உண்டாக்கக் கூடியதென்று ஐயுறத்தக்க பட்டியலிலும், மலத்தியன், டயசினோன், கிளைபொசேட்டு ஆகியவற்றை அதற்கு ஒருபடி மேலான பட்டியலிலும், லின்டேனை ஐயமற்ற பட்டியலிலும் சேர்த்தது. மனிதரின் நிணநீர்ப் புற்றே லின்டேன் மீதான தீர்ப்புக்கு அடிப்படை. மலத்தியன் கிழக்கிலங்கைக்குப் புதிய பெயரன்று: டிடிடிக்குப் பதிலாக 1970களில் மலேரியா ஒழிப்புக்கென வீட்டுச் சுவர்களில் அடிக்கப்பட்ட மருந்து அதுவே. இப்பட்டியல்கள் சான்றின் உறுதியை அளப்பவை. ஆபத்தின் பருமனை அளப்பவை அல்ல. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது என்ன நேரும் என்பதற்கு இந்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. வடமத்திய மாகாண விவசாயிகளின் சிறுநீரக நோய்க்குக் கிளைபொசேட்டே காரணம் என்ற கருதுகோள் சோதித்து முடியுமுன் 2015இல் அம்மருந்து தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. அதற்கு மாறாக, மொனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் ஆகியவை 1995இலும் என்டோசல்பான் 1998இலும் நீக்கப்பட்டமை நஞ்சருந்தி இறந்தோரின் எண்ணிக்கை என்ற கண்கூடான சான்றின் மேல் எழுந்த முடிவுகள். அவை புற்றைக் கருதி எடுக்கப்படாவிடினும், நாய்களும் அவற்றின் பயனை அடைந்தன என்று கொள்ளலாம்.

வயலை விட்டு ஊருக்குள் வந்தால் ஐயத்துக்குரியது புகை. இத்தாலியின் நாப்போலி, கசேர்த்தா மாவட்டங்களில் சட்டவிரோதமாகக் கழிவு கொட்டி எரிக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்த நாய்களில் நிணநீர்ப் புற்றின் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என 2009இல் வெளியான ஆய்வொன்று கூறியது. அதே இடங்களில் முலைப்புற்று மிகவில்லை என்பது, பொதுவான ஏழ்மையோ பராமரிப்புக் குறைவோ மட்டும் காரணமன்று என்ற வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் தாழ்ந்த வெப்பத்தில் கருகும்போது டயொக்சின் முதலிய நச்சுகள் உண்டாகின்றன. வளவின் மூலையில் மாலையில் எரியும் குப்பையின் வெதுவெதுப்பான சாம்பலையே மாரி காலத்தில் நாய் படுக்கையாகத் தேர்வது வாவிக்கரையில் எவரும் காணும் காட்சி. நச்சின் பெரும்பகுதி தங்குவதும் அச்சாம்பலில்தான். நுளம்புத்திரி இரவு முழுதும் எரியும் மூடிய அறை அடுத்தது. திரியொன்று வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் துகள்களுக்கு நிகர் என்று 2003இல் அளவிடப்பட்டது. சிகரெட்டுப் புகை பூனைகளில் நிணநீர்ப் புற்றை மிகுவிப்பதற்குச் சான்று இருக்க, நாய்களில் அத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. தன் மயிரை நக்கித் தூய்மை செய்யும் பூனை, படிந்த துகளையும் உண்டுவிடுவது இவ்வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம். அவ்வாறாயின், வயல் மருந்து படிந்த பாதத்தை நக்கும் நாயின் நிலை பூனையின் நிலைக்கு நெருங்கிவிடுகிறது.

நோய் உறுதியான பின் செய்யக்கூடியது ஓரளவு உண்டு. சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலான நாய்கள் நான்கு முதல் ஆறு வாரங்களில் இறக்கின்றன. பிரெட்னிசொலோன் மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதங்கள். நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முழுச் சிகிச்சையில் ‘பி’ கல நோயுள்ள நாய்களுள் பத்தில் எட்டுக்கு மேல் கட்டி மறைந்து, ஏறத்தாழ ஓராண்டு நல்வாழ்வு கிட்டுகிறது. நிலையான குணம் அரிது. அந்நான்கனுள் ஒன்றான வின்கிரிஸ்டின், வாவிக்கரை மணலில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. பிறப்புறுப்புக் கட்டிக்கும் அதுவே மருந்தாதலால் இலங்கை மிருக வைத்தியருக்குப் பழக்கமானதுங்கூட.

இங்கே வரிசை முக்கியம். வீங்கிய கணுவோடு சோர்ந்து வரும் நாய்க்கு, உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று கருதி டொக்சிசைக்ளினோடு பிரெட்னிசொலோனையும் முதல் நாளிலேயே கொடுத்துவிட்டால், புற்றாயினும் கட்டி சில நாட்களில் வற்றும், வீட்டார் மகிழ்வர், ஆனால் தகட்டில் காணவேண்டிய கலங்கள் அதற்குள் மறைந்துவிடும், எஞ்சிய கலங்கள் பின்னர் வரும் மருந்துகளுக்கு அடங்காத தன்மையைப் பெற்றுவிடும். டொக்சிசைக்ளினுக்கு அக்குறையில்லை, அதைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கலாம். ஊசியால் எடுத்துப் பரப்பிய தகட்டை மெதனோலில் நிலைப்படுத்தி உலர்த்தினால் அது பழுதின்றிப் பயணம் செய்யும். மட்டக்களப்பிலிருந்து நாயை மலைநாட்டுக்கு ஏற்றிச் செல்ல வசதியில்லாத வீட்டாரும், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்கு அத்தகட்டை அனுப்பி, முடிவு வரும்வரை பிரெட்னிசொலோனைத் தள்ளிவைக்கலாம்.